பெயர் மாறியதைக் கோவைக்குச் சொல்வது

யாழ்ப்பாணத்தில் ஒரு அரச அலுவலகத்தின் தாபனக் கிளையில் சுயவிபரக் கோவைகளை, அதாவது ஒவ்வொரு உத்தியோகத்தரின் பத்திரங்களையும் சேர்த்துக் கட்டிய மட்டைகளை, பார்ப்பது என் வேலை. நியமனக் கடிதம் முதல் ஓய்வூதிய விண்ணப்பம் வரை ஒருவருடைய உத்தியோக வாழ்க்கை முழுவதும் அந்த மட்டைக்குள் இருக்கும். லீவு, சம்பள ஏற்றம், இடமாற்றம் எல்லாம் பழகிய வேலைகள், கை தானாகவே எழுதிவிடும். மணிக்கணக்கில் மேசையோடு உட்கார வைப்பது பெயர்தான்.

பெயரை மாற்ற ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். எண்சாத்திரக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' கூட்டிக்கொண்டவர்கள் உண்டு. மதம் மாறியவர்கள் உண்டு. வீட்டுப் பெயரே பள்ளிக்கூட இடாப்பில் ஏறி, பிறகு அதுவே நிலைத்துப்போனவர்களும் உண்டு. எண்சாத்திரக்காரரிடம் எனக்கு ஒரு சின்ன மனஸ்தாபம் இருக்கிறது. எழுத்தைக் கூட்டச் சொல்பவர், அதன்பிறகு எந்தெந்தக் கந்தோருக்குப் போக வேண்டும் என்று சொல்வதேயில்லை.

சட்டப்படி மாற்றுவதென்றால் பிறப்புப் பதிவில் தொடங்க வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ், பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் இருக்கும் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிப்பதே வழி. பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் பதிந்தது அங்கேயே இருக்கும், மாற்றம் அதோடு சேர்த்துப் பதியப்படும். எங்களைப்போன்ற கிளைகளுக்கு இது பெரிய வசதி. பழைய ஆளும் புதிய ஆளும் ஒருவர்தான் என்பதற்கு அந்தப் பத்திரமே சாட்சி.

அடுத்தது அடையாள அட்டை. ஜீ.எஸ். (கிராம சேவகர்) உறுதிப்படுத்தி, பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். பெயர் மாறினாலும் அட்டையின் இலக்கம் மாறாது என்பதை நான் எல்லோருக்கும் இரண்டு தரம் சொல்வேன். அறிவித்தல் கடிதம் எதுவானாலும் பழைய பெயர், புதிய பெயர், இலக்கம் மூன்றையும் முதல் வரியிலேயே போடச் சொல்வதும் அதனால்தான். பழைய அட்டைக்காரருக்கு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதிய அட்டைக்காரருக்குப் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் கையில் இருந்தால் இரண்டையும் எழுதுவது நல்லது, ஏனென்றால் பழைய கோவைகளில் பழையதுதான் இருக்கும்.

இந்த ஒழுங்கைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் வங்கிக்குப் போவார்கள், வங்கி அடையாள அட்டை கேட்கும். அட்டைக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பிறகு கோபத்தோடு எங்களிடம் வந்து, "நீங்கள் ஒரு கடிதம் தாங்கோ" என்பார்கள். நாங்கள் தரும் கடிதம் எங்கள் கோவையில் உள்ள பெயரில்தான் இருக்கும், அதுவோ பழைய பெயர்.

பெண்களின் கோவைகள் இன்னொரு கதை. கலியாணம் பிறப்புப் பதிவைத் தொடுவதில்லை. ஆனால் விவாகச் சான்றிதழைக் காட்டிக் கணவரின் பெயரோடு அடையாள அட்டை எடுக்கலாம். எடுப்பவர்களும் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு. எடுத்தவர்கள் நியமனக் கடிதத்தில் தகப்பனின் முதலெழுத்தோடும் சம்பளப் பட்டியலில் கணவரின் முதலெழுத்தோடும் இருப்பார்கள். வேலை செய்யும் காலத்தில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஓய்வூதிய விண்ணப்பம் போடும்போதுதான் எல்லாப் பெயர்களும் ஒரே மேசையில் சந்திக்கின்றன.

அப்படிச் சந்தித்த கோவைகளில் ஒரு ரீச்சருடையது அடிக்கடி நினைவுக்கு வரும். பிறப்புச் சான்றிதழில் அவருடைய பெயர் 'தேவி' என்று முடியும். பள்ளிக்கூட இடாப்பில் அந்தத் தேவி இல்லை. சாதாரண தரச் சான்றிதழ், நியமனக் கடிதம், அடையாள அட்டை, விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்துக்கான பதிவு, ஒன்றிலுமே இல்லை. நான் பார்த்தவரை வழி நேரானது. எத்தனை பத்திரங்கள் ஒத்துப்போகின்றன, எது தனியாக நிற்கிறது என்று பார்த்து, தனியாக நிற்பதைத் திருத்த வேண்டும். ரீச்சருக்குத் தனியாக நின்றது பிறப்புப் பதிவு. அதைச் சொன்னேன்.

"அது அப்பா வைச்ச பேர் பிள்ளை. முப்பது வருசமா ஒருத்தரும் கூப்பிடேல்லத்தான். அதுக்காக நான் போய் எடுக்கச் சொல்லுறதோ?"

"அது அங்கேயே இருக்கும் ரீச்சர், அழிக்க மாட்டினம்" என்று சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவரிடம் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு வந்தார்: இந்த இரண்டு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் நான் ஒருவரே. ஓய்வூதியத்துக்கு அது போதுமாக இருந்தது. சரி, முடிந்தது என்று கோவையைக் கட்டினேன். பிறகு மகன் வெளிநாட்டுக்கு அழைக்க வேலை தொடங்கியபோது, அங்கே அந்தக் கடதாசி போதவில்லை என்று மறுபடி வந்து நின்றார். கடைசியில் பிறப்புப் பதிவையே திருத்தினார். திருத்திய பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்து, பழைய பெயர் இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

சத்தியக் கடதாசியைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. 1995 இல் போரால் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய இடப்பெயர்வில் பத்திரங்களைக் கைவிட்டு ஓடிய சனத்துக்கு, பதிவேடே கிடைக்காத இடங்களில், வேறு வழி இருக்கவில்லை. பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுத்ததுபோல அதுவும் காலத்தின் தேவை. ஆனால் பதிவேடு பத்திரமாக இருக்கும்போதும் எங்கள் ஆட்கள் முதலில் ஓடுவது ஜே.பி. வீட்டுக்குத்தான். அரைமணி நேரத்தில் முடிகிற வேலை என்பதே காரணம். ஒவ்வொரு கந்தோருக்கும் ஒவ்வொரு கடதாசி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வேறு எழுத்து. சில கோவைகளில் பெயரைச் சரிசெய்ய வந்த கடதாசியே மூன்றாவது பெயரைக் கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு கோவையைப் பற்றியும் எழுத வேண்டும். 2016 இல் வந்த சுற்றறிக்கைக்குப் பிறகு, பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவில் பாலினத்தையும் பெயரையும் மாற்ற முடிகிறது. அப்படி மாற்றிய ஒரு உத்தியோகத்தரின் பத்திரங்கள் என்னிடம் வந்தன. எல்லாம் ஒழுங்காக இருந்தன, நான் பார்த்த திருத்தங்களில் மிகத் துப்புரவானது அதுதான் என்றுகூடச் சொல்வேன். வில்லங்கம் கோவையில் இருந்தது. பழைய பத்திரங்களை எடுத்தெறிய எனக்கு அதிகாரமில்லை, எடுக்கவும் கூடாது. ஆனால் லீவுக் கணக்குப் பார்க்கக் கோவையைத் திறக்கும் எவருக்கும் பழைய பெயர் முதற்பக்கத்திலேயே தெரியும். மேலதிகாரியிடம் கேட்டு, பழையவற்றை ஒரு உறையில் போட்டு ஒட்டி, மேலதிகாரியின் அனுமதியில்லாமல் திறக்கக் கூடாது என்று குறிப்பு எழுதினோம். வரவுப் பதிவேட்டில் அடுத்த மாதத்துக்காகக் காத்திராமல் அன்றைக்கே புதிய பெயரை எழுதினேன். பிரதேச செயலகத்துக் கதவுகளைவிட அந்தக் கையொப்பப் புத்தகம்தான் அவருக்குப் பாரமாக இருந்திருக்கும் என்று எனக்குப் பட்டது. எப்படியும் பத்து நிமிட வேலைதான். அதற்கே அவர் நன்றி சொன்னபோது என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

கடவுச்சீட்டுக்காக முன்பு கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்ட செயலகத்திலேயே, கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தபிறகு அந்த அலைச்சல் குறைந்துவிட்டது. பரீட்சைத் திணைக்களம் இன்னும் கொழும்பை அடுத்த பத்தரமுல்லைப் பக்கம்தான். பரீட்சைச் சான்றிதழைத் திருத்த நினைப்பவர்கள் பிறப்புப் பதிவு திருந்தும் வரை பொறுத்திருப்பது புத்தி.

எல்லாம் முடித்துவிட்டு வருபவர்கள் கடைசியில் கேட்பது காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தைப் பற்றி. சீதனமாக வந்த காணி பழைய பெயரில் இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டாமா என்று. அது என் கிளை வேலையில்லை, ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். பழைய உறுதியில் கை வைக்கத் தேவையில்லை, எழுதிய நாளில் அதுதான் உங்கள் பெயர். அடுத்த உறுதி எழுதும்போது நொத்தாரிசு இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதுவார், அதற்குத் திருத்திய பிறப்புச் சான்றிதழில் ஒரு பிரதியைக் காணி உறுதியோடு சேர்த்து வைத்திருங்கள். வடபகுதித் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமைப்படி மனைவி தன் காணியை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டுமென்பதால், விவாகச் சான்றிதழின் பிரதியும் அதே உறையில் கிடக்கட்டும்.