வாலிபால் ஆடப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

வாலிபாலுக்கு எந்த ஷூ வாங்கலாம் என்று யார் கேட்டாலும், எந்தத் தரையில் ஆடப் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். நம்ம குமரி மாவட்டத்தில் அதற்கு ஒரே பதில் கிடையாது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பெரும்பாலும் செம்மண், நடுவில் சரல் கல் தலைநீட்டும். குளச்சல், முட்டம் என்று கடலோரம் போனால் மணல். மரத்தரை போட்ட உள்ளரங்கம் வெகு சிலருக்குத்தான் வாய்க்கும், ஆனால் வாலிபால் ஷூ என்று விற்பதில் முக்கால்வாசி அந்த உள்ளரங்கத்துக்கானதுதான்.

அதன் அடியில் இருக்கும் மென்மையான கம் சோல் என்ற ரப்பர் அடிப்பாகம் மரத்தரையில் நன்றாகப் பிடிக்கும். செம்மண்ணில் தூசி ஒட்டினால் வழுக்கும், சரலில் சீக்கிரம் தேய்ந்தும் போகும். மண் தரைக்காரர்கள் டென்னிஸ் ஷூ பாருங்கள், கடினமான ரப்பர், பக்கவாட்டில் நல்ல பிடிமானம். வீட்டில் கிடக்கும் ரன்னிங் ஷூ போதாதா என்றால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அது நேராக ஓடுவதற்குச் செய்தது, குதிகால் உயர்ந்திருக்கும், எதிரணி அடியைத் தடுக்க வலையருகே எம்பிப் பிளாக் போட்டு இறங்கும்போதோ சட்டென்று பக்கவாட்டில் பாயும்போதோ கணுக்கால் மடங்கிவிடும். மணலில் வெறுங்கால் போதும், பைசா மிச்சம். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் அளவுதான் ஆடும்போதும் இருக்கும். ஆடும்போது போடுகிற சாக்ஸையும் கையோடு கொண்டு போங்கள்.

அடுத்து முழங்காலுக்குப் போடும் நீ பேட் (knee pad). மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் எலாஸ்டிக் நீ கேப்பை இதுதான் அது என்று நினைத்து வாங்கி வருகிறவர்கள் நிறைய. அது மூட்டை இறுக்கிப் பிடிக்கத்தான், அதில் ஸ்பாஞ்ச் கிடையாது, டைவ் அடித்தால் முட்டி நேராகத் தரையைச் சந்திக்கும். முன்பக்கம் தடித்த ஸ்பாஞ்ச் உள்ளதாகப் பாருங்கள். போட்டுக்கொண்டு கடையிலேயே ஒரு தடவை குத்தவைத்து எழுந்தால் நழுவுகிறதா, இறுக்குகிறதா என்று தெரிந்துவிடும்.

ஜெர்சிக்கு அவசரமே இல்லை. ஊர்க் கிளப்பில் சேர்ந்த உடனே முதுகில் பேரும் நம்பரும் அடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, சரி, அது அப்புறம் நடக்கட்டும். நம்ம ஊர் ஈரக்காற்றில் காட்டன் பனியன் வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும், மெல்லிய பாலியஸ்டர் டீ-ஷர்ட் இரண்டு இருந்தால் போதும். பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் மூடிய டைட்ஸ், மேலே ஷார்ட்ஸ் என்றால் விழுந்து எழ வசதி. மோதிரம், வளையல், கழுத்தில் கிறிஸ்தவர்கள் போடும் உத்தரியக் கயிறோ செயினோ எது இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள், வலையில் மோதிரம் மாட்டினால் விரல் போய்விடும். கண்ணாடி போடலாம், விதி அனுமதிக்கிறது, உடைந்தால் நம் பொறுப்பு.

பந்துதான் எல்லோரும் கூட்டாக வாங்க வேண்டிய பொருள். சர்வதேசப் போட்டிகளில் பார்க்கும் மஞ்சள்-நீலப் பந்து மிகாசா கம்பெனியின் வி200டபிள்யூ. அதன் மெல்லிய மேல்தோல் சரலில் உரசினால் சீக்கிரம் பாழாகும், விலையும் அதிகம். பழகுகிறவர்களுக்கு நிவியா, காஸ்கோ கம்பெனிகளின் சாதாரணப் பந்து தாராளம். 65-67 செ.மீ. சுற்றளவு, 260-280 கிராம் எடை என்பது முறையான அளவு. சின்னப் பிள்ளைகளுக்கு எடை குறைந்த பந்து தனியாக இருக்கிறது, பாஸ் எடுத்துக் கை சிவந்து ஆட்டத்தையே வெறுத்துவிடாமல் இருக்க அது நல்லது. பீச் வாலிபால் பந்து கொஞ்சம் பெரிது, காற்றும் குறைவு, அதைக் கொண்டு மண் தரையில் ஆடாதீர்கள்.

காற்று விஷயத்தில்தான் எல்லா ஊரிலும் கூத்து. கல் மாதிரி ஆகும் வரை அடித்தால்தான் ஸ்மாஷ் பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. முறைப்படி காற்றழுத்தம் 4.26 முதல் 4.61 பி.எஸ்.ஐ. தான், சைக்கிள் டயருக்கு அடிப்பதைவிட ரொம்பக் குறைவு. அதனால் சைக்கிள் கடைக்குக் கொண்டு போகாமல் சின்னக் கைப்பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள், இல்லாவிட்டால் வால்வு கிழியும். ஊசி மட்டும் இரண்டு மூன்றாக வாங்குங்கள், ஒன்று எப்படியும் காணாமல் போகும்.