மெத்தில்ஃபெனிடேட் கேட்காமல் போனபோது

ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறுக்காக மெத்தில்ஃபெனிடேட் எடுத்துக்கொள்ளும் யாராவது "மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது, முன்போலக் கேட்பதில்லை" என்று சொன்னால், பழைய மாத்திரை அட்டையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தீர்களா என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தும் எனக்கு இந்த ஒரு கேள்வி பிடிபடுவதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது. அதற்குள் மருந்தின் அளவு கூடியது, நெஞ்சு படபடத்தது, ஊர்க்காரர்கள் முன்னால் பேச்சும் கேட்க வேண்டியிருந்தது.

நோயைக் கண்டறிந்ததும், 20 மி.கி. எஸ்.ஆர். (மெல்லக் கரையும் வகை) மாத்திரை காலையில் ஒன்று என்று அளவு நிலைப்பட்டதும் சிக்கலில்லாமல் நடந்தவை. தொல்லை எல்லாம் மருந்து வாங்கும் இடத்தில்தான் தொடங்கியது. மெத்தில்ஃபெனிடேட் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால், அதை விற்கக் கடைக்குத் தனி உரிமம் வேண்டும்; பூட்டி வைக்க வேண்டும்; மருத்துவர் இரண்டு பிரதிகளாக எழுதிக் கொடுக்கும் சீட்டில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இத்தனை தலைவலி எதற்கு என்று பெரும்பாலான கடைகள் அதை வாங்கி வைப்பதே இல்லை. கிடைக்கிற ஒரு கடையைப் பிடித்துக்கொண்டால், அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வதே வழக்கமாகிவிடுகிறது.

அப்படிப்பட்ட கடை ஒன்றில் ஜூன் மாதம் எஸ்.ஆர். இருப்பு இல்லை என்று சொல்லி, 10 மி.கி. மாத்திரைகளை இரண்டு இரண்டாகக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். "ரெண்டு பத்து இருபதுதானே டீச்சரே, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கவுண்டரில் இருந்தவர். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ரசீதிலும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் மட்டுமே அச்சாகியிருந்தன.

அடுத்த சில வாரங்களில் முதல் இரண்டு பீரியடுகள் அபாரமாக ஓடின. மதியம் ஆனதும் எல்லாம் கலைந்தது. எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த சமன்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டைத் தேடப் போய், அதையும் மறந்து ஜன்னலைச் சாத்திவிட்டு நின்றேன். மருந்து பழகிவிட்டது என்று நானே தீர்மானித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் விடுப்பில் இருந்தார். அவருக்குப் பதிலாக இருந்த இளைய டாக்டர், நான் சொல்லி முடிப்பதற்குள் ஓ.பி. டிக்கெட்டில் 30 மி.கி. என்று எழுதிவிட்டார். எஸ்.ஆர். என்றும் எழுதவில்லை, சாதா என்றும் எழுதவில்லை. நாடியும் பார்க்கவில்லை, இரத்த அழுத்தமும் பார்க்கவில்லை. இந்த மருந்து இரண்டையுமே ஏற்றக்கூடியது என்பதால், அளவைக் கூட்டும் முன் இரண்டையும் பார்த்தாக வேண்டும். டாக்டர் பார்க்காவிட்டால் நாமே கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அங்கேயே இருந்த மருந்தகத்தில் டிக்கெட்டை நீட்டியதும், கவுண்டரில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "டீச்சரே, இது அடிக்ஷன் வருந்ந மருந்தாணு, கேட்டோ" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார். எனக்குப் பின்னால் என் மாணவி ஒருத்தியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். தவறாகப் பயன்படுத்தினால் அடிமைப்படுத்தக்கூடிய மருந்துதான் இது, மறுக்கவில்லை. அதற்காகத்தானே இத்தனை பூட்டும் பதிவேடும்! ஆனால் மருத்துவர் எழுதிய அளவில் எடுத்துவரும் ஒருவருக்குக் காலப்போக்கில் பலன் குறைவது வேறு, போதைக்காக மருந்தைத் தேடி அலைவது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டிய இடத்தில் இருப்பவர் அதைக் கூட்டத்தின் நடுவில் குழப்பியது இன்றும் எனக்கு ஆறவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் ஸ்டாக் இல்லை என்றார்.

அடுத்த சனிக்கிழமை வேலந்தாவளம் வழியாகப் பஸ் பிடித்துக் கோயம்புத்தூர் போனேன். அங்கே மருந்து இருந்தது, வாங்க முடியவில்லை. "ஒரு பிரதிதான் இருக்குதுங்க மேடம். எக்ஸ் ஷெட்யூலுக்கு ரெண்டு வேணுங்க, ரெண்டுலயும் டாக்டர் கையெழுத்து இருக்கோணும். ஜெராக்ஸ் ஆகாதுங்க" என்றார் மருந்தாளுநர். கேரளச் சீட்டு செல்லுமா என்று தயங்கிய உதவியாளரிடம், பதிவு பெற்ற டாக்டர் எழுதியது எந்த மாநிலத்திலும் செல்லும் என்று அவரே விளக்கியும் சொன்னார். கையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு மரியாதையாக மறுத்த அந்த மனிதர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டாவது பிரதிக்காக மருத்துவமனையில் மறுபடியும் ஓ.பி. எடுத்துக் காத்திருந்தபோதுதான் வந்தது.

ஒருவழியாக வாங்கிய 30 மில்லிகிராமும் சாதா மாத்திரைகளாகவே வாய்த்தன. காலை முழுவதும் நெஞ்சு அடித்துக்கொண்டது, பசி செத்துப்போனது, மதியம் ஆனதும் பழையபடியே சரிந்தது. விடுப்பு முடிந்து வந்த என் டாக்டர், கதையைக் கேட்பதற்கு முன்பே, "பழைய ஸ்ட்ரிப் இருக்கா டீச்சர்? எடுங்க" என்றார். எதையும் தூக்கிப் போடாத பழக்கம் அன்று கைகொடுத்தது. மேசைமேல் மூன்று அட்டைகளையும் வரிசையாக வைத்து, பேனா முனையால் முதல் அட்டையின் பெயருக்குப் பின்னால் இருந்த இரண்டு சிறிய எழுத்துகளைத் தொட்டுக் காட்டினார்: எஸ்.ஆர். மற்ற இரண்டிலும் அவை இல்லை. சாதா மாத்திரை மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், எஸ்.ஆர். மெல்லக் கரைந்து ஏறக்குறைய எட்டு மணி நேரம் தாங்கும். எனவே இரண்டு பத்தைக் காலையில் ஒன்றாக விழுங்குவது இருபது எஸ்.ஆர். ஆகாது. உச்சம் செங்குத்தாக ஏறும், பள்ளி விடுவதற்கு முன்பே இறங்கிவிடும். என் நாடி அப்போது நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியிருந்தது. அளவை உடனே பழைய 20 எஸ்.ஆர்.க்கே இறக்கினார்.

பெரும்பகுதி சரியானது, முழுவதும் சரியாகவில்லை. மருந்தைத் தொடங்கிய முதல் வாரங்களில் உணர்ந்த அந்தத் துள்ளல் திரும்பவே இல்லை. அது மருந்தின் பலனே அல்ல, அது போகத்தான் செய்யும், அதைத் துரத்தி அளவை ஏற்றக் கூடாது என்றார் டாக்டர். எழுந்த வேலையை முடித்துவிட்டு உட்கார முடிகிறதா, கொடுத்த தாள்களைத் திருத்த முடிகிறதா என்பதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பழகிப்போதல் என்பதே கற்பனை என்றும் அவர் சொல்லவில்லை. இந்த மருந்து, மூளையின் வேதிப்பொருளான டோபமைனைத் திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதங்களை அடைக்கிறது. 2013-இல் வெளிவந்த மூளைப் படவியல் ஆய்வு ஒன்றில், ஓராண்டு இதை எடுத்துக்கொண்ட பெரியவர்களிடம் அந்தப் புரதங்கள் சுமார் 24 சதவீதம் கூடியிருந்தன. ஒரே நாளுக்குள்ளும் காலை அளவுக்கு உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. காலையில் குறைவாகவும் பின்னர் கூடுதலாகவும் மருந்தை வெளிவிடும் பன்னிரண்டு மணி நேர மாத்திரைகள் அதை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டவை.

ஆகவே ஒரு குறிப்பேடு போடச் சொன்னார்: எத்தனை மணிக்கு விழுங்கினேன், எப்போது பிடித்தது, எப்போது விட்டது, முந்தைய இரவு எவ்வளவு தூங்கினேன், எத்தனை சாயா குடித்தேன். கேட்கும்போது சலிப்பாக இருந்தது. எழுதிப் பார்த்தால் மருந்து "கேட்காத" நாட்களில் பெரும்பாலானவை, விடைத்தாள் திருத்திவிட்டு நள்ளிரவுக்குப் பின் படுத்த இரவுகளின் மறுநாட்கள். சில, மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் விழுந்தன. பெண்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் குறித்து வையுங்கள். ஆண் டாக்டர்கள் பெரும்பாலும் தாமாகக் கேட்பதில்லை. ஆசிரியர் அறைச் சாயாவைக் குறைத்ததும் படபடப்பும் குறைந்தது. இதைச் சக ஆசிரியைகளிடம் விளக்குவதுதான் மருந்தை விளக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓண விடுமுறையிலும் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று பிறகு அனுமதித்தார். பலன் கூடும் என்று உத்தரவாதம் தரவில்லை. இதை யாரும் சொந்தமாகச் செய்ய வேண்டாம். திடீரென்று நிறுத்தும்போது சிலருக்குச் சோர்வும் மனச்சோர்வும் கடுமையாக வருவதுண்டு. நான் அந்த நாட்களில் ஸ்கூட்டரை எடுப்பதில்லை, வங்கி வேலை வைத்துக்கொள்வதில்லை. விடுமுறை நாட்களைக் கழித்து மாத்திரைகளின் எண்ணிக்கையை எழுதித் தரச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மிச்சம் சேர்ந்தால், பரீட்சைக்குப் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று கொடேன் என்று கேட்கிறவர்கள் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் மருந்தைக் கைமாற்றுவது குற்றம் என்று சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள்.

இப்போது சீட்டைக் கையில் வாங்கியதும் நாற்காலியை விட்டு எழாமலேயே படித்துவிடுகிறேன்: இரண்டு பிரதிகள், இரண்டிலும் கையெழுத்து, டாக்டரின் பதிவு எண், எஸ்.ஆர். என்ற எழுத்துகள், மாத்திரைகளின் எண்ணிக்கை எழுத்தாலும் எண்ணாலும். கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் செய்து, மருந்து இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல் எஸ்.ஆர். இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். கடையில் பணம் கொடுப்பதற்கு முன் அட்டையைத் திருப்பி, எச்சரிக்கையையும் பெயரையும் வாய்விட்டே படிக்கிறேன்.

மாற்றிக் கொடுத்த கடைக்காரர் மீதமிருந்த சாதா மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். அவையும் வீணாகவில்லை. எஸ்.ஆர். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, சாதாவைப் பாதியாக்கலாம்; விடைத்தாள் திருத்தும் நாட்களில் மட்டும் மதியம் இரண்டு மணிக்கு அரை மாத்திரை என்று டாக்டரே புதிய சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஓணப் பரீட்சைத் தாள்களைக் கெடுவுக்கு முந்தைய நாளே கட்டி, தலைமையாசிரியையின் மேசையில் வைத்துவிட்டேன்.