ஆட்டுத்தோலில் வச்சிரம்: மூன்று சட்டியில் தேறியது ஒன்று

ஃபெவிகால் சந்தைக்கு வந்தது 1959இல். அதற்கு முன்பெல்லாம் தச்சுப்பட்டறையில் மரத்தோடு மரத்தைப் பிடித்து வைத்தது வச்சிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. எகிப்தில், தீப்ஸ் நகரத்து ரெக்மிரே கல்லறைச் சுவரில் (சுமார் கி.மு. 1450) தச்சர்கள் வேலை செய்யும் ஓவியத்தில்கூட அடுப்பின்மேல் பசைச் சட்டி இருக்கிறது. அதே சரக்கைக் கறிக்கடை ஆட்டுத்தோலில் எடுத்துப் பார்த்த குறிப்பு இது. சட்டிக்கு ஒரு கிலோ பச்சைத்தோல்.

தோல் பக்குவம் மூன்றுக்கும் ஒன்றுதான். 5 லிட்டர் தண்ணீரில் 250 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து 8 நாள் ஊறல். தினம் இரண்டு தடவை கிளறல். கையுறை இல்லாமல் கை வைக்கக் கூடாது. எட்டாம் நாள் மழுங்கிய கத்தியால் வழித்தாலே முடி வந்துவிடும். உள்பக்கத்துச் சவ்வையும் கொழுப்பையும் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் பசையில் கண் கண்ணாக எண்ணெய் நிற்கும், அந்த இடம் ஒட்டாது. பிறகு இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலசல். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர், அமில-காரம் காட்டும் பி.எச். தாள் 7 (நடுநிலை) காட்டும்வரை. நாற்றம் உண்டு, மொட்டைமாடிதான் சரி.

முதல் சட்டி: தளதளவென்று 4 மணி நேரம் கொதித்தது. கஷாயம் போல் கறுத்த திரவம். ஆறியும் கெட்டியாக உறையவில்லை. ஒட்டிய துண்டு பசை வழியாகவே சுத்தமாகப் பிரிந்தது. தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் வெந்நீரில் ஜெலட்டினாக மாறுகிறது. அதற்கு மேலும் கொதித்தால் அதன் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாகின்றன. பசையின் பலமே அந்த நீளத்தில்தான்.

இரண்டாம் சட்டி: வெப்பமானி வைத்து 65–70 டிகிரியில் 4 மணி நேரம். துணியில் வடிகட்டியதும் தேன் நிறம். ஃப்ரிட்ஜில் அருமையாக உறைந்தது. ஒரு செ.மீ. கனத்தில் வெட்டிக் கொசுவலையில் பரப்பிய நாள் மே மாதத்து நாள். மதியத்துக்குள் பாதி உருகி வலைக்குக் கீழே சொட்டியது. இந்த உறைவு 30 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். வலையில் தங்கிய மீதி, கனம் அதிகம் என்பதால் மேலே காய்ந்து உள்ளே அழுகியது. மார்கழி, தை என்றால் இந்தப் பாடு இல்லை.

மூன்றாவது: அதே சூடு, ஆனால் 4 மி.மீ. வில்லைகள், ஏ.சி. அறை, மின்விசிறிக்கு நேரே 3 நாள். வளைத்தால் கண்ணாடி மாதிரி ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கிடைத்தது 110 கிராம்.

பயன்படுத்த: 50 கிராம் வில்லைக்கு 100 மி.லி. பச்சைத்தண்ணீர், இரவு முழுக்க ஊறல். காலையில் வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து 60 டிகிரியில் இளக்க வேண்டும். நேரடி நெருப்பு கூடாது, முதல் சட்டியின் கதிதான். தூரிகையைத் தூக்கினால் அறாமல் ஒரே கம்பியாக இறங்குவது சரியான பதம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் தண்ணீர் அதிகம். கட்டி கட்டியாக விழுந்தால் கெட்டி, இன்னும் வெந்நீர் வேண்டும். பூசியபின் ஒரு நிமிடம்தான் அவகாசம். மரம் சில்லென்று இருந்தால் அதுவும் கிடையாது, பசை தொட்டவுடனே தோல் கட்டிவிடும். ஒட்டும் முகங்களை முதலில் வெதுவெதுப்பாக்க வேண்டும்.

பலாப்பலகைத் துண்டுகள் இரண்டை ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டு, சுத்தியலால் தட்டியதில் ஒட்டு நின்றது, பக்கத்து மரநார் பிய்ந்தது. அதே ஒட்டு வெந்நீரில் தோய்த்த மெல்லிய கத்திக்குப் பத்து நிமிடத்தில் வழிவிட்டது. வயலின் பழுது பார்ப்பவர்கள் இதை விடாததற்குக் காரணம் இதுதான். மழை படும் கதவு, ஜன்னலுக்கு ஆகாததற்கும் இதேதான். சட்டியில் மிஞ்சியதை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மேலே பூஞ்சை பிடித்தால் மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும்.