பேஸ் கூடின இயர்போன்: மூன்று கிழமை கேட்டுப் பார்த்த அனுபவம்

கிளிநொச்சியில் வாங்கி, வீட்டுக்கு வருமட்டும் பஸ்ஸிலேயே கேட்டுக்கொண்டு வந்தேன். பேஸ், அதாவது அடித் தொனி, தூக்கலாக இருக்கும் என்று நம்பி வாங்கியது. உள்ளே சவ்வு அதிர்ந்து ஒலி எழுப்பும் டைனமிக் டிரைவர், 10 மில்லிமீற்றர். காதில் விழுந்ததோ தகரப் பேணியைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அன்றிரவு சரியாகச் சாப்பிடவும் மனம் வரவில்லை.

அடுத்த நாள் போனில் ஒரு தொனி உருவாக்கும் செயலியைப் போட்டு, 200 ஹேர்ட்ஸில் (வினாடிக்கு 200 அதிர்வு) இருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தேன். 100க்குக் கீழே வலது காதில் நன்றாகக் கேட்டது, இடது காதில் கரைந்து போனது. இடது பக்கத்தை விரலால் மெல்ல உள்ளே அழுத்தினேன். 30 ஹேர்ட்ஸ்கூட உறுமிக்கொண்டு வந்தது! காதுத் துவாரம் காற்றுப் போகாமல் அடைபட்டால்தான் பேஸ் நிற்கும், சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது அடித் தொனிதான். என் இடது காது வலதைவிடக் கொஞ்சம் பெரிது போல. பெட்டியில் இருந்த பெரிய ரப்பர் முனையை இடதுக்கும் நடு அளவை வலதுக்கும் மாட்டினேன். மற்றக் கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால் வடிவாக இருக்கும். செருகும்போது 'கிறிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது உள்ளே காற்று அழுந்தி டிரைவரின் சவ்வு மடங்குகிற சத்தம், பயப்படத் தேவையில்லை.

சரி, பேஸ் வந்துவிட்டது. இப்போது அது கூடிப்போனது.

நான் சோதிக்க வைத்திருப்பது எங்கள் கோயில் திருவிழாத் தவில் பதிவு. ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து நேரே எடுத்தது. தவிலில் ஒரு பக்கம் தொப்பி, தடியால் அடிப்பது, அடித் தொனி. மற்றது வலந்தலை, விரற்கூடு போட்ட விரல்கள் துள்ளுகிற பக்கம். தங்கச்சியிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அண்ணா, தடி மட்டும்தான் கேக்குது, விரல் எங்க?" என்றாள். அவள் சொன்னது சரி. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டால் தொப்பி வீங்கி வலந்தலையை விழுங்குகிறது. நாதஸ்வரமும் ஒரு திரைக்குப் பின்னால் நின்று வாசிப்பது போல் இருக்கிறது.

காயத்துக்கு ஒட்டும் காகிதப் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி, இயர்போனின் பின்பக்கத்தில் இருக்கிற ஊசித் துவாரத்தை மூடிப் பார்த்தேன். சவ்வுக்குப் பின்னால் உள்ள காற்று வெளியேற வழியில்லாததால் சவ்வு இறுகி, பேஸ் குறைந்தது. விரல்கள் திரும்பி வந்தன. ஆனால் தொப்பியின் உயிர் போய்விட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டேன்.

விடை கிடைத்தது ஒரு இரவில். கரண்ட் போய், ஊரே அடங்கியிருந்தது. வயல் பக்கத்துத் தவளைச் சத்தம் மட்டும். அந்த அமைதியில் போன் சத்தத்தின் 15 படியில் மூன்றாவதே போதுமாக இருந்தது. அதே தவில், அதே இயர்போன், பிளாஸ்டர் இல்லை. தொப்பியில் தடி விழுகிறது, தோல் அதிர்கிறது, அந்த அதிர்வு அடங்குமுன் வலந்தலையில் ஐந்து விரலும் தனித்தனியாக ஓடுகின்றன. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

காரணம் நம் காதிலேயே இருக்கிறது. 1933இல் பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். சத்தம் குறையக் குறைய, அடித் தொனியைக் காது இன்னும் அதிகமாகத் தவறவிடும். இப்போதைய அளவீட்டின்படி, 1000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல்லாக உள்ள ஒலிக்குச் சமமாகக் கேட்க 50 ஹேர்ட்ஸ் ஒலி கிட்டத்தட்ட 78 டெசிபெல் இருக்க வேண்டும், 38 வித்தியாசம். 80 டெசிபெல்லில் வித்தியாசம் ஏறத்தாழ 22 தான். அதனால் மெல்லக் கேட்கும்போது இந்த இயர்போன் கூட்டித் தருவது, காது விட்டுவிடுவதை நிரப்புகிறது. பகலில் நான் சத்தமாக வைத்ததுதான் பிழை. காதுக்கும் மெல்லக் கேட்பதுதான் நல்லது. 80 டெசிபெல் என்றால் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 என்றால் வெறும் 4 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

போன சனிக்கிழமை மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும்போதும் பார்த்தேன். பஸ் எஞ்சினின் உறுமல் அடித் தொனிகளை மறைத்துவிடுவதால், அங்கும் இந்தக் கூடுதல் பேஸ் கைகொடுத்தது. ஐந்தாம் படிக்கு மேல் கூட்டவில்லை. ரப்பரைக் கொஞ்சம் ஈரமாக்கிச் செருகினால் இன்னும் இறுக்கமாக அடைகிறது.

அடுத்த முறை வவுனியா போனால் ஸ்பொஞ்ச் முனை வாங்கி, இதே பதிவை மூன்றாம் படியில் தங்கச்சிக்குக் கொடுக்கப் போகிறேன். விரல் எங்கே என்று அவள்தான் சொல்ல வேண்டும்.