பிஸ்கட் தகரத்தில் ஒரு சீட்டு

வட இலங்கையின் மாங்குளத்தில் என் கடைக் கல்லாவுக்குக் கீழே பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருக்கிறது. லொறிக் கூலி, மின்கட்டணம், சாக்கு வாங்கியது என்று எல்லாச் சீட்டுகளும் அதற்குள்தான். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் அரிசி விற்றதற்குக் கட்டிய ஒரு இலட்சம் ரூபாய்த் தண்டச் சீட்டையும் அதிலேயே போட்டிருந்தேன். (நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு தனிநபருக்குக் குறைந்தபட்சத் தண்டமே அவ்வளவு.) கணக்குப் பார்க்கிற தம்பி அதை மட்டும் இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைத்தான்.

"அண்ணை, இது செலவில் சேராது."

"ஏன்? கடைக்காகத்தானே கட்டினேன்?"

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், 10 ஆம் பிரிவு. சட்டத்தை மீறியதற்காக அரசுக்குக் கட்டும் தண்டத்தை, வரி கணக்கிடும்போது வருமானத்தில் கழிக்க முடியாதாம்.

கோபம்தான் வந்தது. ஆலையில் நான் வாங்கிய விலையே கட்டுப்பாட்டு விலையைத் தாண்டியிருந்தது. அதை யார் கேட்டார்கள்? இரவு கடையைப் பூட்டிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்ச வரி வீதம் 36 சதவீதம். கழிக்க விட்டால் அந்த வீதத்தில் வரி கட்டும் பெரிய முதலாளிக்கு இலட்சத்தில் 36 ஆயிரம் மிச்சம். வரி எல்லைக்குள்ளேயே வராத பெட்டிக்கடைக்காரருக்கு ஒரு சதமும் இல்லை. ஒரே குற்றம், வசதியானவருக்குத் தள்ளுபடி!

சீட்டை விலைப்பலகைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.