கியர்பாக்ஸ் ஆயில் சூட்டுக்கு ஒரு மீட்டர் மாட்டினோம்

எங்கள் வீட்டு வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக். மற்ற நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய் வருவதும்தான் அதன் வேலை. முகூர்த்த நாள் வந்தால் மச்சானுடைய ஜெனரேட்டர் டிராலியைப் பின்னால் மாட்டிக்கொண்டு வேலூரிலிருந்து ஏலகிரி வரை போகும். சைலன்ட் ஜெனரேட்டரும் டிராலியுமாகச் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும் பாரம், அதோடு வாணியம்பாடி தாண்டி, பொன்னேரியில் திரும்பி, புலவர்கள் வள்ளல்கள் பெயர் வைத்த அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற வேண்டும்.

போன கோடையில் மேலே போய்ச் சேர்ந்ததும் கியர் இழுத்து இழுத்து மாறியது. டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தது, தீய்ந்த வாடை வேறு. ஆனால் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் வழி முழுக்க நடுவிலேயேதான் நின்றது. அந்த முள் என்ஜின் கூலன்ட்டின் சூட்டைக் காட்டுவது, கியர்பாக்ஸ் ஆயில் எவ்வளவு கொதித்தாலும் அது அசையாது. ரொம்ப சூடானபின் எரிகிற எச்சரிக்கை விளக்கு சில வண்டிகளில் உண்டு, ஆனால் அது எரியும்போது ஆயில் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால்தான் மீட்டரின் சென்சாரை எங்கே மாட்டுவது என்ற முடிவுக்கு வர முடியும். எங்கள் வண்டி மாதிரி ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் என்ற உருண்டைக்குள் ஆயில்தான் விசையைக் கடத்துகிறது. சமவெளியில் ஒரே வேகத்தில் ஓடும்போது உள்ளே லாக் விழுந்துவிடும், வழுக்கல் இல்லை, சூடும் இல்லை. மேட்டில் பாரத்தோடு மெதுவாக ஏறும்போது லாக் விழாமல் ஆயில் உள்ளே கடைபட்டுக்கொண்டே இருக்கும், அந்த வழுக்கல் முழுக்கச் சூடாக மாறும். சாதாரண ஓட்டத்தில் 80 முதல் 95 டிகிரி வரை இருப்பது நல்லது. 120ஐத் தாண்டினால் ஆயிலின் ஆயுள் வேகமாகக் குறையும், ரப்பர் சீல்களும் இறுக ஆரம்பிக்கும்.

சென்சாரை இரண்டு இடத்தில் வைக்கலாம். கியர்பாக்ஸிலிருந்து ஆயிலை ஆறவைக்கும் கூலருக்குப் போகும் குழாயை வெட்டி டி ஃபிட்டிங் போடுவது சுலபம். கன்வெர்ட்டரிலிருந்து நேராக வரும் ஆயில் என்பதால் முள் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். இன்னொன்று கீழே பானில், அதாவது கியர்பாக்ஸ் அடியில் ஆயில் தேங்கும் தட்டில் வைப்பது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கியரும் சின்ன கிளட்சுகளும் எந்த ஆயிலில் வேலை செய்கின்றனவோ அதே ஆயிலின் நிலையான சூட்டை அது காட்டும். மெக்கானிக் அண்ணன் குழாய் பக்கம்தான் பேசினார், "பானைக் கழட்டணும்னா ஆயில் ஃபுல்லா வடிக்கணும், இன்னாத்துக்கு சார்?" என்று. எப்படியும் தீய்ந்த ஆயிலை மாற்றத்தான் போகிறோம், ஃபில்டரும் மாற்ற வேண்டும், பான் கீழே இறங்கத்தான் போகிறது என்று நான் சொன்னதும் சரி என்றார்.

பானைக் கழட்டித் துடைத்ததும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். இங்கேதான் அவசரப்படக் கூடாது. சென்சார் முனை உள்ளே 2 சென்டிமீட்டர் நீளும், மேலே ஃபில்டர் இருக்கிறது. சப்பாத்தி மாவை உருண்டையாக்கி, ஓட்டை போட நினைத்த இடத்துக்கு நேரே உள்பக்கம் ஒட்டி, பானைத் தூக்கிப் பொருத்தி இறக்கிப் பார்த்தோம். மாவு எவ்வளவு நசுங்கியதோ அவ்வளவுதான் அங்கே இடம். முதலில் குறித்த இடத்தில் மாவு சப்பையாகிவிட்டது, அதனால் பின்பக்கம் ஓரமாக, சைலன்சர் பைப்புக்கு எதிர்ப்புறம் தள்ளிக் குறித்தோம். லேத்காரர் சென்சாரைத் திருகி மாட்ட ஒரு சின்ன இரும்பு பாஸ் (தடித்த வளையம்) கடைந்து, 1/8 என்பிடி என்ற குழாய் த்ரெட் போட்டு, வெல்டிங் வைத்தார். அப்புறம் பானின் விளிம்பைத் தடித்த கண்ணாடி மேல் கவிழ்த்து, எங்கேயாவது ஆடுகிறதா என்று அவரே விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். வெல்டிங் சூட்டில் விளிம்பு வளைந்திருந்தால் எந்த கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும். கடைசியாக பானில் மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தோம், வெளியே ஈரமில்லை. வேலை சுத்தம்.

மாட்டுவதற்கு முன்னால் வீட்டு அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் சென்சாரைச் சோதித்துப் பார்த்தேன். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால் தண்ணீர் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். மீட்டர் 98 காட்டியது, போதும்.

வயரிங் பெரிய வேலையில்லை. இக்னிஷன் போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃபியூஸிலிருந்து ஒரு லைன், எர்த் ஒன்று, பார்க்கிங் லைட்டிலிருந்து மீட்டர் வெளிச்சத்துக்கு ஒன்று. சென்சார் வயரை ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட் வழியாக உள்ளே இழுத்தோம், சைலன்சர் அருகே வரும் இடத்தில் சூடு தாங்கும் ஸ்லீவ் போட்டோம். இரண்டு வயர் சென்சாராகவே வாங்குங்கள். ஒற்றை வயர் சென்சார் த்ரெட் வழியாகத்தான் எர்த் எடுக்கும், அதில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டால் ரீடிங் தப்பாக வரும்.

வடித்த ஆயிலை அளந்து, மேனுவலில் சொன்ன ரக ஆயிலை அதே அளவு ஊற்றி, என்ஜின் ஓட ஓட கியர் லிவரை எல்லா இடத்துக்கும் நகர்த்தி, சூடானபின் டிப்ஸ்டிக்கில் ஹாட் குறியைப் பார்த்துச் சரிசெய்தோம்.

இப்போது என்ன தெரிகிறது என்றால், டிராலி இல்லாமல் பெங்களூர் ரோட்டில் மீட்டர் 80 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. டிராலியோடு ஆம்பூர் தாண்டும்போது 95. ஏலகிரி அடிவாரத்தில் லிவரை டியிலேயே (டிரைவ்) விட்டு ஏறினால் பாதி மலைக்குள் 120ஐத் தொடுகிறது, கியர் ஏறி இறங்கித் தடுமாறிக்கொண்டே இருக்கும். அடிவாரத்திலேயே லிவரை 2க்கு இழுத்துவிட்டு ஏறினால் 108க்கு மேல் போகவில்லை. என்ஜின் கத்துகிறதே என்று மச்சான் பயந்தார். கத்தட்டும், சுற்று கூடினால் கன்வெர்ட்டரில் வழுக்கல் குறைகிறது, கியர்பாக்ஸ் பம்ப்பும் அதிக ஆயிலைக் கூலருக்குத் தள்ளுகிறது.

வளைவில் பஸ் நின்று வழி அடைத்துக்கொண்டால் இங்கே எல்லோரும் செய்வது என்ஜினை அணைத்து பானெட்டைத் திறப்பது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அது ஆகாது. பம்ப்பை என்ஜின்தான் சுற்றுகிறது, அணைத்தால் சூடான ஆயில் அங்கேயே தேங்கிவிடும். ஹேண்ட்பிரேக் போட்டு, டிராலி சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் 1,200 சுற்றில் ஓடவிட்டால் முள் கண்ணெதிரே இறங்குகிறது.

அடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் போடப் போகிறோம், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் தாண்டி வரும் குழாயில். போட்டபின் அதே டிராலியோடு 2லேயே ஏறிப் பார்த்துவிட்டு அந்த ரீடிங்கையும் எழுதுகிறேன்.