லிஸ்ட் வர்ற வரைக்கும்

2025 ஜூன் 23, திங்கள்

பி.எட்., அதான் டீச்சர் படிப்புக்கு, அப்ளிகேஷன் போட்டாச்சு. இனி செலக்‌ஷன் லிஸ்ட் வரணும். கொருக்குப்பேட்டை இ-சேவையில கரண்ட் போய்ப் போய் வந்துச்சு. அம்மா என் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தாங்க, ஒண்ணும் கேக்கல.

தமிழ்நாடு முழுக்க அரசு பி.எட். கல்லூரி மொத்தமே 7. எனக்கு வேணும்கிறது ரெண்டு: லேடி வெலிங்டன், இல்லன்னா சைதாப்பேட்டை. அங்க கிடைச்சா ஃபீஸ் சில ஆயிரத்தோட முடிஞ்சிடும்.

ஜூன் 25

பிரைவேட் காலேஜ்ல இருந்து போன். நம்பர் யார் கொடுத்தாங்கன்னு தெரியல. வருஷத்துக்கு 75 ஆயிரம், ரெக்கார்டு நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் அதுலயே. "தினம் வரணும்னு இல்லம்மா, பரீட்சைக்கு வந்தா போதும். வேலைக்குப் போய்க்கிட்டே முடிச்சிடலாம்."

அம்மாவுக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடிச்சுப்போச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. பாடம் நடத்தக் கத்துக்காம பாடம் நடத்துற சர்ட்டிபிகேட் வாங்கி, நாளைக்கு யாரோ பெத்த பிள்ளைங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்?

ஜூன் 26, ராத்திரி

தூக்கம் வரல. கணக்கு போட்டுப் பார்த்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். வட்டி பத்து சதவீதம்னு வச்சுக்கிட்டேன். படிக்கிற ரெண்டு வருஷமும் முடிச்சப்புறம் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஓடும். முதல் 75 ஆயிரத்துக்கு மூணு வருஷ வட்டி 22,500. அடுத்த 75 ஆயிரத்துக்கு ரெண்டு வருஷம், 15,000. ஆக, கட்ட ஆரம்பிக்கிற அன்னிக்கே 1,87,500. அஞ்சு வருஷத்துல முடிக்கணும்னா மாசம் 4,000 கிட்ட வருது. பத்து வருஷம்னா 2,500 கிட்ட; கொஞ்சம்தானேன்னு தோணும், ஆனா மொத்தமா கட்டியிருக்கிறது மூணு லட்சம் ஆயிடும்.

கடன்னு எல்லாரும் இதை மட்டும்தான் சொல்றாங்க. ஒழுங்கா காலேஜ் போனா பில்லிங் வேலையை விடணும். மாசம் 11,500, ரெண்டு வருஷத்துக்கு 2,76,000. அது வீட்டுக்கு வராது. ரெண்டாம் வருஷத்துல 16 வாரம் ஸ்கூல்லயே டீச்சிங் பிராக்டிஸ், அதுக்கு ஒரு பைசா கிடையாது. இதை யார் கணக்குல எழுதுறது? ரெண்டையும் கூட்டினா நாலரை லட்சத்துக்கு மேல.

அரசுப் பள்ளியில பட்டதாரி ஆசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,400. அகவிலைப்படி இந்த 2025 ஜூன்ல 55 சதவீதம், சேர்த்தா 56,000 தாண்டுது. ஒன்பது மாசச் சம்பளம் வந்தா இந்த நாலரை லட்சமும் ஒண்ணுமே இல்ல.

அந்த ஒன்பது மாசம் எப்போ வரும்?

ஜூன் 28, சனி

இன்னிக்கு டியூஷன்ல ஒண்ணு நடந்துச்சு, எழுதியே ஆகணும்.

மாடி வீட்டுப் பையன், அஞ்சாவது. 34-ஐ 26-ஆல பெருக்குறான். முதல் வரி 204, சரி. ரெண்டாவது வரியில 68-ஐ எழுதிட்டு பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போடுறான். "அது ஏன்டா?"ன்னேன். "மிஸ் போடச் சொன்னாங்க." எதுக்குன்னு அவனுக்குத் தெரியல. அம்மா தையல் டப்பாவுல இருந்து பத்து ரூபா நோட்டு ரெண்டும் ஒத்த ரூபா ஆறும் எடுத்துட்டு வந்தேன். "இது 26. இதே மாதிரி 34 பேருக்குக் கொடுக்கணும். சில்லறை மட்டும் எவ்ளோ?" 204. "நோட்டு எத்தனை?" 68. "68 நோட்டுன்னா 68 ரூபாவா?" வாயத் தொறந்தபடியே நோட்டைப் பார்த்தான். அப்புறம் அந்தக் குறியை ரப்பர் வச்சு அழிச்சிட்டு அங்க சைபர் போட்டான். நான் சொல்லல. அவனே போட்டான்.

எனக்கு இதுதான் வேணும். வேற எதுவும் வேணாம்.

ஆனா 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, பி.எட். படிச்சவங்க ஒண்ணுல இருந்து அஞ்சாவது வரைக்கும் டீச்சராக முடியாது, அதுக்கு தொடக்கக் கல்வி டிப்ளமோ படிச்சிருக்கணும்னு. நியாயமான தீர்ப்புதான், சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்றது தனி வித்தை. அந்த டிப்ளமோவை பிளஸ் டூ முடிச்சதுமே படிக்கலாம்னு அன்னிக்கு எனக்குச் சொல்ல யாரும் இல்ல. அதைப் படிச்சு வர்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 20,600. 36,400-க்கும் அதுக்கும் நடுவுல என் டியூஷன் பையன் உக்காந்திருக்கான், அஞ்சாவது படிச்சிக்கிட்டு.

ஜூன் 30

ஆடிக்குள்ள வட்டி கட்டலன்னா சேட்டு கடையில அடகு வச்ச அம்மா செயின் மூழ்கிடும்.

ஜூலை 2

பேங்க் போனேன். நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் வேண்டாம், சொத்து வேண்டாம்னு விதி இருக்குன்னு படிச்சிட்டுத்தான் போனேன். மேடம் மரியாதையாதான் பேசினாங்க. முதல்ல "உங்க ஏரியா எங்க பிராஞ்ச்ல வராதே"ன்னாங்க. வரும்னு காட்டினேன். அப்புறம் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போடணும், அவரோட சிபில், அதாவது பழைய கடனை ஒழுங்கா கட்டினாரான்னு, பார்க்கணும்னாங்க. ஆட்டோ டியூ எத்தனை மாசம் தள்ளிப்போச்சுன்னு அப்பாவுக்குத்தான் தெரியும்.

வீட்டு வருமானம் வருஷம் நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் இல்லையா, கேட்டேன். காலேஜுக்கு நாக் அங்கீகாரம் (காலேஜ் தரத்தை மதிப்பிட்டுத் தர்றது) இருக்கணும்னாங்க. போன் பண்ண அந்தக் காலேஜுக்கு இல்ல. பணம் யார்கிட்ட இல்லையோ அவங்க போற காலேஜுக்குத்தான் அந்தச் சலுகை போய்ச் சேரல. வெளிய வந்து பஸ் ஸ்டாப்ல ரொம்ப நேரம் நின்னேன். கண்டெய்னர் லாரி வரிசை, ரோடே தாண்ட முடியல.

ஜூலை 3

அப்பாகிட்ட இன்னும் கேக்கல.

ஜூலை 5, சனி

எதிர் வீட்டு அக்கா வந்தாங்க. எம்.எஸ்சி., பி.எட்., ஒரு மெட்ரிகுலேஷன் ஸ்கூல்ல வேலை. சம்பளம் 11,000. என் பில்லிங் சம்பளத்தை விட 500 கம்மி. மே மாசம் சம்பளம் கிடையாது. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை சேரும்போதே வாங்கி வச்சுக்கிட்டாங்களாம், நடு வருஷத்துல நின்னா மூணு மாசச் சம்பளம் கட்டினாத்தான் திருப்பிக் கிடைக்கும்.

"படிக்காதேன்னு சொல்ல மாட்டேன் பாப்பா, கடன் வாங்கிப் படிக்காதே"ன்னாங்க. டம்ளரைக் கழுவி வச்சிட்டுத்தான் போனாங்க, வேணாம்னாலும் கேக்கல.

ஜூலை 8

மே மாசத்தையே நினைச்சுக்கிட்டு இருக்கேன். தவணைக்கு மே மாசம் லீவு கிடையாது.

பில்லிங் கவுண்டர்ல உக்காந்து, கூட்டம் இல்லாத நேரத்துல, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எப்பெப்போ நடந்துச்சுன்னு எழுதினேன். 2012, 2013, 2017, 2019. அடுத்தது 2022-ல அறிவிச்சு பி.எட். முடிச்சவங்க எழுதுற ரெண்டாம் தாள் 2023 பிப்ரவரியில. 2012 ஜூலையில நடந்த முதல் டெட்ல ஆறு லட்சத்துக்கு மேல எழுதி மூவாயிரம் பேர் கூட பாஸாகல. 150-க்கு 90 எடுத்து பாஸானாலும் வேலை இல்ல, 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனியா இன்னொரு பரீட்சை. அது 2024 பிப்ரவரியில நடந்துச்சு, முதல்ல அறிவிச்ச இடம் 2,222.

2013-க்கும் 2017-க்கும் நடுவுல பி.எட். முடிச்ச பொண்ணு என்ன பண்ணியிருப்பா? பேங்க் அவளுக்கு ஒரு வருஷம்தான் கொடுத்திருக்கும். கடனுக்கு தேதி இருக்கு, பரீட்சைக்கு தேதி கிடையாது. எனக்கு பயம் கடன் மேல இல்ல, இதுமேலதான்.

ஜூலை 9

செயின் அம்மாவோட அம்மா போட்டது. உரிமைத் தொகை ஆயிரமும் அதோட வட்டிக்கே போயிடுது. அதை வித்து ஃபீஸ் கட்டிடலாம்னு அம்மா இன்னிக்குச் சொன்னாங்க. நான் கத்திட்டேன். அம்மாவோட தையல் மிஷின் சத்தம் ரெண்டு மணி வரைக்கும் நிக்கல.

ஜூலை 12, சனி

அப்பாகிட்ட பேசினேன். டோல்கேட்ல இருந்து மின்ட் வரைக்கும் சவாரி, மெட்ரோ வந்ததுல இருந்து பாதிதான்னு எப்பவும் சொல்றதையே சொன்னாரு. அப்புறம் நோட்டை வாங்கிப் பார்த்தாரு. என் கணக்கை ஒவ்வொரு வரியா விரல் வச்சுப் படிச்சாரு. "டீச்சர் சம்பளம் வரும்னு நினைச்சு கடன் வாங்காதே. உன் டியூஷன் காசுல கட்ட முடியுமா, அதைப் பார்த்து வாங்கு. நான் வண்டி எடுத்தப்போ தினம் எவ்ளோ ஓடும்னு சேட்டு சொன்னான், நம்பிட்டேன்."

டியூஷன்ல 14 பிள்ளைங்க, ஆளுக்கு 300, 4,200 வருது. பிரைவேட் காலேஜ்னா அதுல தவணை போக 200 மிஞ்சும். ஒரு பரீட்சைக்கு பீஸ் கட்டக்கூட வராது. அரசுக் கல்லூரின்னா கடனே வேண்டாம், பஸ் பாஸும் சாப்பாடும்தான். சாயங்காலம் டியூஷன் ஓடும்.

அதனால பிரைவேட் இல்ல. அந்தக் காலேஜ் நம்பரை பிளாக் பண்ணிட்டேன். அரசுக் கல்லூரி கிடைக்கலன்னா இந்த வருஷம் பில்லிங்லயே இருந்து, காசு சேர்த்து, அடுத்த வருஷம் மறுபடி போடுவேன். அம்மாவுக்கு சம்மதம் இல்ல. கல்யாண வயசு, அடுத்த வருஷம்னு ஒண்ணு எங்க இருக்குன்னு கேக்குறாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா மே மாசச் சம்பளம் இல்லாத வேலைக்காக அவங்க செயினை விக்க மாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

லிஸ்ட் இன்னும் வரல. வருமானச் சான்று வந்துடுச்சு, அதுல அப்பா பேர்ல எழுத்துப் பிழை. நாளைக்கு லீவு சொல்லிட்டு தண்டையார்பேட்டை தாலுகா ஆபீஸ் போகணும், ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு, ரேஷன் கார்டு